ஒன் பீஸின் ஆறாவது படம்: ஒதுக்கப்பட்டதும் தேடப்படுவதும்

ஒன் பீஸ் என்ற ஜப்பானியக் கடற்கொள்ளையர் கார்ட்டூன் தொடரின் ரசிகர்களிடம், அதன் திரைப்படங்களில் பிடித்தது எது என்று கேட்டுப் பாருங்கள். பதில் பெரும்பாலும் 2009-இலிருந்துதான் தொடங்கும்: ‘ஸ்ட்ராங் வேர்ல்ட்’, ‘ஃபிலிம் இஸட்’, ‘ஸ்டாம்பீட்’, ‘ஃபிலிம் ரெட்’. அதற்கு முன்னால் வந்தவை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி ஓரமாக வைக்கப்பட்டவை. தொடருக்கு அடிப்படையான மாங்காவின் (ஜப்பானியப் படக்கதை) மூலக்கதையோடு சேராதவை, பார்க்காவிட்டாலும் குடி முழுகிவிடாது, ஃபில்லர் எனப்படும் இட்டுநிரப்பல். சரி, அந்த மூட்டையில் பாதிக்கு மேல் உண்மையிலேயே அப்படித்தான். ஆனால் அதிலிருந்து ஒரே ஒரு படத்தை மட்டும் சிலர் விடாமல் வெளியே எடுத்துக் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். 2005 மார்ச் 5 அன்று ஜப்பானில் வெளியான ஆறாவது படம் அது: ‘ஒமாட்சுரி பிரபுவும் ரகசியத் தீவும்’. இயக்கியவர் மமொரு ஹோசோடா.

‘சம்மர் வார்ஸ்’, ‘வுல்ஃப் சில்ட்ரன்’, ஆஸ்கர் பரிந்துரை பெற்ற ‘மிராய்’ என்று பிற்காலப் படங்கள் வழியாக ஹோசோடாவை அறிந்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். குடும்பம், பிள்ளை வளர்ப்பு, கோடை விடுமுறை என்று படமெடுக்கிறவர் கடற்கொள்ளையர் படம் எடுத்திருக்கிறாரா? எடுத்திருக்கிறார். அதுவும் அவர் படங்களிலேயே மிக இருட்டானது இதுதான் என்று நான் சொல்வேன்.

படம் வந்து இவ்வளவு வருடமாகிவிட்டதால் கதையை மறைக்காமல் பேசப்போகிறேன். ஸ்பாய்லர் வேண்டாம் என்பவர்கள் முதலில் படத்தைப் பார்த்துவிட்டு வரலாம்; ஒன்றரை மணி நேரம்தான்.

கடலில் கிடைத்த வரைபடத்தை நம்பி, உல்லாசத் தீவு ஒன்றில் ஓய்வெடுக்கலாம் என்று தொடரின் நாயகனான கடற்கொள்ளையன் லுஃபியும் குழுவும் கோயிங் மெர்ரி கப்பலில் போய் இறங்குகிறார்கள். அப்போது குழுவில் மொத்தம் ஏழு பேர்: லுஃபி, ஜோரோ, நாமி, உசாப், சஞ்சி, சாப்பர், ராபின். தீவின் தலைவர் ஒமாட்சுரி பிரபு. விருந்தும் வசதியும் வேண்டுமென்றால் நான் வைக்கும் சோதனைகளில் ஜெயிக்க வேண்டும் என்கிறார். சோதனைகள் எல்லாம் ஜப்பானியத் திருவிழாக் கடைகளில் சிறுவர்கள் ஆடுகிறவை: காகித வலையால் தங்கமீன் அள்ளுவது, வளையம் வீசுவது, குறிபார்த்துச் சுடுவது. நம் ஊர்த் திருவிழாவில் வளையம் வீசி சோப்பு டப்பா ஜெயிக்கும் கடை எவ்வளவு சாதுவானதோ, அவ்வளவு சாதுவான விளையாட்டுகள். பிரபுவின் தீவில் மட்டும் தங்கமீன் வீட்டைவிடப் பெரியதாக இருக்கிறது.

முதல் அரை மணி நேரம் சிரிப்பும் சத்தமுமாகவே போகிறது. அப்புறம் சின்னச் சின்ன விரிசல்கள் தெரியத் தொடங்குகின்றன. நாமியும் உசாப்பும் ஒருவரையொருவர் குறை சொல்கிறார்கள். ஜோரோவும் சஞ்சியும் போடும் வழக்கமான சண்டையில் வழக்கமான விளையாட்டுத்தனம் இல்லை. பிரபு அதைத் தூண்டிவிட்டு ரசிக்கிறார். குழுவிலிருந்து ஒருவர் காணாமல் போகிறார், கொஞ்ச நேரத்தில் இன்னொருவர். லுஃபி கவனிப்பதற்குள் அவன் தனியாக நிற்கிறான்.

தீவின் ரகசியம் இதுதான். பிரபு தன் பழைய குழுவைக் கடலில் பறிகொடுத்தவர். அவருடைய தோளில் பொம்மைபோல அமர்ந்திருக்கும் லில்லி கார்னேஷன் என்ற பூ, செத்த நண்பர்களின் உருவத்தைத் திரும்பக் கொடுக்கிறது. அவர்கள் தலையில் ஆரம்பத்திலிருந்தே ஒரு துளிர் இருக்கும். வேடிக்கைக்காக வரைந்தது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். அந்தத் துளிர்கள் வாடாமல் இருக்க லில்லிக்கு உயிருள்ள மனிதர்கள் தீனியாக வேண்டும். அதற்காகத்தான் கடற்கொள்ளையர் குழுக்களை வரவழைப்பது. வெறுமனே கொன்றால் பிரபுவுக்குப் போதாது, கொல்வதற்கு முன்னால் அவர்களுடைய நட்பை உடைத்துப் பார்க்க வேண்டும். தான் இழந்தது இன்னொருவனிடம் இருப்பதைச் சகிக்க முடியாத மனிதர். குரல் கொடுத்தவர் அகியோ ஓட்சுகா; தொடரில் பிளாக்பியர்ட் என்ற வில்லனாகப் பேசுகிறவரும் அவரே. கலகலப்பான உபசரிப்பிலிருந்து கசப்புக்கு அந்தக் குரல் இறங்கும் விதத்தைக் கேட்பதற்காகவே ஜப்பானிய ஒலித்தடத்தில் பார்க்க வேண்டும்.

இப்படி ஒரு கதை பள்ளி விடுமுறைக் காலச் சிறுவர் படத்துக்குள் எப்படி நுழைந்தது என்பதுதான் அடுத்த கேள்வி. ஒன் பீஸ் தொடரைத் தயாரிக்கும் தோயே நிறுவனம் பல காலமாகப் பள்ளி விடுமுறையைக் குறிவைத்து, ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சித் தொடர்களின் படங்களை வெளியிட்டுவந்தது. 2000-இல் தொடங்கிய ஒன் பீஸ் படங்களும் அந்த வரிசையில் மார்ச் மாதத்துக்கு ஒன்றாக வந்தவை. அதற்கு ஓர் எழுதாத இலக்கணம் உண்டு: புதிய தீவு, புதிய வில்லன், உதவி கேட்கும் ஒரு பையனோ பெண்ணோ, கடைசியில் லுஃபியின் ஒரு பெரிய குத்து. கதை முடியும்போது எல்லாரும் தொடங்கிய இடத்துக்கே திரும்பியிருக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த ஞாயிறு தொலைக்காட்சியில் தொடர் தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த ஏற்பாட்டை ரசிகர்கள் குறையாகவே சொல்வது வழக்கம். எனக்கு அதில் ஒரு வசதியும் தெரிகிறது. தொடக்கமும் முடிவும் பூட்டப்பட்டிருக்கின்றன, சரிதான். நடுவில் என்ன நடக்கிறது என்று யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. பணம் போடுகிறவர்களுக்கு மார்ச் மாதம் படம் வந்தால் போதும். கதாசிரியர் எய்ச்சிரோ ஓடா வாரப் பத்திரிகை அத்தியாயங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், இந்தப் பழைய படங்களில் அவர் கை அதிகம் இல்லை. அந்த இடைவெளிக்குள் ஓர் இளம் இயக்குநர் தன் கதையைச் செருகிவிட முடியும். ஜப்பானிய அனிமேஷனான அனிமேயில் இது முதல் தடவையும் அல்ல. 1979-இல் ஹயாவோ மியாசாகி, லூபின் என்ற திருடனின் கதைகளான ‘லூபின் 3’ வரிசையில் ‘காலியோஸ்ட்ரோ கோட்டை’யை எடுத்தபோது அந்தத் திருடனைத் தன் விருப்பப்படி ஒரு பெருந்தன்மையான வீரனாக மாற்றிக்கொண்டார். 1984-இல் மமொரு ஓஷி ‘உருசே யாட்சுரா’ என்ற நகைச்சுவைத் தொடரின் இரண்டாவது படத்தைக் கனவும் காலமும் பற்றிய புதிராக்கினார்; மூல ஆசிரியர் ருமிகோ தகஹாஷிக்கு அது உவப்பாக இல்லை. இரண்டுமே இன்று செவ்வியல் படங்கள். ஹோசோடாவின் படம் அதே வம்சம்தான், ஆனால் அந்த மரியாதை இதற்கு வரவில்லை. லூபினுக்கும் உருசே யாட்சுராவுக்கும் முன்னால் இவ்வளவு பெரிய, இன்னும் முடியாத ஒரு மூலக்கதை நிற்கவில்லை. ஒன் பீஸில் ஒரு காட்சிக்கு மதிப்பு இருக்கிறதா என்பதை முடிவு செய்வது அது மூலக்கதையில் சேர்த்தியா என்ற ஒரே கேள்விதான்.

ஹோசோடா இந்த வேலைக்கு வந்த நேரத்தையும் சொல்ல வேண்டும். 1967-இல் பிறந்த இவர் 1991-இல் தோயேயில் அனிமேட்டராகச் சேர்ந்தவர். 1999, 2000 ஆண்டுகளில் எடுத்த இரண்டு ‘டிஜிமான்’ குறும்படங்கள் துறைக்குள் அவர் பெயரைப் பேசவைத்தன. 2001-இல் மியாசாகியின் ஸ்டுடியோ ஜிப்லி ‘ஹவுல்ஸ் மூவிங் காஸில்’ படத்தை அறிவித்தபோது இயக்குநர் என்று சொல்லப்பட்டவர் இவர்தான். ஒரு முப்பத்து நான்கு வயதுக்காரருக்கு அதைவிடப் பெரிய வாய்ப்பு அப்போது ஜப்பானில் இல்லை. ஆனால் அது கைகூடவில்லை. 2002-இல் அந்தப் பொறுப்பிலிருந்து விலகி வந்தார். படத்தை மியாசாகியே எடுத்தார், 2004 நவம்பரில் அது வெளியாகி வசூலைக் குவித்தது. அதற்கு நான்கு மாதம்கூட ஆகாத நிலையில் ‘ஒமாட்சுரி பிரபு’ திரைக்கு வந்தது.

படத்துக்கும் அந்த அனுபவத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்பதை ஹோசோடாவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஜிப்லி படத்துக்காக ஆட்களைத் திரட்டி, அது கலைந்தபோது அவர்களுக்கு முகம் காட்ட முடியாமல் போனது அவரை வாட்டியிருக்கிறது. திரைக்கதையை எழுதிய மசஹிரோ இட்டோ தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு எழுதிப் பழகியவர். அதனால் விளையாட்டுப் போட்டி நிகழ்ச்சி போன்ற சோதனைகளும் வேடிக்கையும் படத்தின் அடித்தளத்திலேயே இருக்கின்றன. அதன் மேல் ஹோசோடா தன் கசப்பைக் கொட்டியபோது ஒரே படத்துக்குள் இரண்டு படங்கள் உட்கார்ந்துவிட்டன.

ரசிகர்களுக்கு இந்தப் பின்னணி தெரிந்ததும் ஆள் பொருத்திப் பார்க்கும் விளையாட்டு தொடங்கிவிடுகிறது. பிரபு என்பது மியாசாகியா? தீவு என்பது ஜிப்லியா? எனக்கு இதில் பெரிய ஆர்வமில்லை. பொருத்தியே ஆகவேண்டும் என்றால் ஹோசோடா இரண்டு பக்கமும் இருக்கிறார் என்பேன். குழுவைக் கட்டிக் காக்கத் தெரியாத தலைவன் என்று தீவில் அவமானப்படுத்தப்படும் லுஃபியும் அவர்தான், இழந்த குழுவின் பிம்பங்களோடு விருந்து நடத்திக்கொண்டிருக்கும் பிரபுவும் அவர்தான். அப்படிப் பார்த்தால் படத்தின் முக்கியமான ஆள் மூன்றாமவர்: பிரீஃப். தன் குழுவை இந்தத் தீவில் பறிகொடுத்து ஒளிந்து வாழும் சின்ன உருவத் தலைவர், அரும்பு மீசைக்காரர். எல்லாரையும் இழந்து நிற்கும் லுஃபிக்குத் துணையாகச் சேர்பவர் இவர்தான். கூடவே, தன் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு தடவையாவது வீரனாகத் தெரிய வேண்டும் என்று தவிக்கும் ஒரு பயந்தாங்கொள்ளி அப்பா. நண்பர்களை இழந்தவன் வேறு நண்பர்களோடு எழுந்து நிற்கலாம் என்பது படம் முன்வைக்கும் யோசனை.

ஒன் பீஸில் இதை நினைப்பதே பாவம். அந்தத் தொடர் முழுக்க நிற்பது ஒரே நம்பிக்கையின் மேல்: இந்தக் குழுவில் ஒருவர் இடத்தை இன்னொருவர் நிரப்ப முடியாது. அர்லாங் பார்க், டிரம் தீவு, எனிஸ் லாபி என்ற கதைப்பகுதிகள் எல்லாம் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ‘ஒமாட்சுரி பிரபு’ கேட்பது வேறு: சரி, ஒருவேளை எல்லாரும் போய்விட்டால்? தொடருக்குள் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது, கேட்டால் தொடர் நின்றுவிடும். சுவாரசியம் என்னவென்றால், இந்தப் படம் தயாரிப்பில் இருந்த காலத்தில்தான் மாங்காவில் வாட்டர் 7 கதை வந்தது. கோயிங் மெர்ரியை முன்னிட்டு லுஃபியும் உசாப்பும் மோதிக்கொள்கிறார்கள், உசாப் குழுவை விட்டே போகிறான். மாங்காவில் நட்பு உடைவது பிற்பாடு இன்னும் இறுக்கமாகச் சேர்வதற்காக. ஹோசோடாவிடம் அந்த ஆறுதல் கிடையாது.

படத்தின் தோற்றத்தைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் தடவை பார்ப்பவர்கள் பலர் “வரைகலை மலிவாக இருக்கிறதே” என்று முகம் சுளிப்பது இங்கேதான். வழக்கமான அனிமேயில் உடலின் மேல் ஓர் அடர் நிற நிழல் விழும், அதுதான் கன பரிமாணம் கொடுக்கும். ஹோசோடாவின் பாத்திரங்களுக்கு நிழல் கிடையாது. மெல்லிய கோடு, அதற்குள் தட்டையான வண்ணம், அவ்வளவுதான். நிழலை வரையும் உழைப்பு மிச்சமாவதால் அனிமேட்டர் அந்த நேரத்தை அசைவில் செலவிடலாம். உடல்கள் இழுபட்டு, வளைந்து, உருக்குலைந்து ஓடும். லுஃபி போன்ற ரப்பர் உடலுக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது. வரைகலை மேற்பார்வையில் டக்காகி யமஷிதாவோடு சேர்ந்து உழைத்தவர்களில் ஒருவர் சுஷியோ. பின்னாளில் ‘கில் லா கில்’ பாத்திர வடிவமைப்பால் உலகம் முழுக்கத் தெரிந்த அதே சுஷியோதான்.

இன்னொன்று, தூரம். ஹோசோடாவின் கேமரா அவசரப்பட்டு முகத்துக்கு அருகில் போகாது. எட்டத்தில் நின்று, பரந்த வெளியில் எறும்புபோல ஓடும் மனிதர்களைக் காட்டும். ஒரே கோணத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து, முன்பு ஏழு பேர் இருந்த இடத்தில் இப்போது எத்தனை பேர் என்று நம்மை எண்ணவைக்கும். முதல் பாதியில் வெயிலும் பளிச்சென்ற நிறமுமாக இருக்கும் தீவு, பின்பாதியில் சாம்பலும் சேறுமாகிறது. கூடவே முகங்களின் கோடும் மாறுகிறது. அம்புகளால் அறையப்பட்டுக் கிடக்கும் லுஃபியின் முகம் தொடரில் நமக்குத் தெரிந்த லுஃபியின் முகமே அல்ல. லில்லி பூதாகரமாக வளர்ந்து, அதன் உடலுக்குள் நண்பர்கள் சிக்கியிருப்பதை அவன் பார்க்கும் இடம் அப்பட்டமான திகில் படம். சிறுவர்களைக் கூட்டிக்கொண்டு போன பெற்றோர் அன்று திரையரங்கில் என்ன நினைத்திருப்பார்களோ.

வசூல் சுமார் 120 கோடி யென். தோல்வி என்று சொல்ல முடியாது. ஆனால் முந்தைய ஆண்டுப் படத்தைவிடக் குறைவு, அடுத்த ஆண்டுப் படம் பழைய பாணிக்கே திரும்பியது. ஹோசோடா தோயேயை விட்டு வெளியேறி, 2006-இல் மேட்ஹவுஸ் ஸ்டுடியோவில் ‘காலத்தைத் தாண்டிய சிறுமி’யை எடுத்தார். குறைந்த அரங்குகளில் வெளியாகி வாய்மொழியாகவே பரவிய அந்தப் படம் அவரை நிலைநிறுத்தியது. அதற்குப் பிறகு அவர் புகழ் கூடக் கூட, முந்தைய வேலைகளைத் தேடிப் போனவர்கள் வழியில் ‘ஒமாட்சுரி பிரபு’வில் தடுக்கி விழுந்தார்கள். இன்று இந்தப் படத்துக்கு இருக்கும் ஆதரவில் பெரும் பங்கு அப்படி வந்தவர்களுடையது.

அவர்கள் இதைப் பரிந்துரைக்கும் விதத்தில்தான் எனக்குச் சண்டை. “ஒன் பீஸ் பற்றி ஒன்றும் தெரியாதவர்கூடப் பார்க்கலாம்”, “இது ஒன் பீஸ் படமே இல்லை, ஹோசோடா படம்” என்பார்கள். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் படத்தின் பாதி பலத்தை அதிலேயே தள்ளிவிடுகிறார்கள். சாப்பர் யார் என்று தெரியாத ஒருவருக்கு, சாப்பர் காணாமல் போவது ஒரு கலைமான் காணாமல் போவதுதான். நாமியும் உசாப்பும் கோழைத்தனத்தில் கூட்டாளிகள் என்பது நூறு அத்தியாயமாகப் பழகியவருக்கு மட்டும்தான் தெரியும். அவர்கள் ஒருவரையொருவர் கைவிட்டதாகக் குற்றம் சாட்டும்போது அவருக்குத்தான் வயிற்றைப் பிசையும். லுஃபி தோற்க மாட்டான் என்ற உறுதியை நம்மிடம் வளர்த்துவிட்டது தொடர். அதைக் கடன் வாங்கித்தான் ஹோசோடா உடைக்கிறார். இதே கதையைப் புதிய ஏழு பாத்திரங்களை வைத்து அவர் எடுத்திருந்தால், கொஞ்சம் வினோதமான ஒரு தீவுத் திகில் படம் கிடைத்திருக்கும். அவ்வளவே.

எதிர்ப்பக்கம், “இது லுஃபியே இல்லை, அவன் இப்படி நொறுங்க மாட்டான்” என்று கோபப்படும் பழைய ரசிகர்களின் பேச்சில்தான் எனக்கு அதிக நியாயம் தெரிகிறது. குறைந்தபட்சம் படம் எங்கே கை வைக்கிறது என்பது அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. பிற்பாடு, 2010-இல், மரீன்ஃபோர்டு போரில் அண்ணன் ஏஸை இழந்து லுஃபி உடைந்து விழுந்ததை மாங்காவே வரைந்துவிட்டதால் அந்தக் கோபம் இப்போது கொஞ்சம் தணிந்திருக்கிறது.

குறை இல்லாத படம் என்று நான் சொல்லவில்லை. வளையம் வீசும் போட்டி தேவைக்கு மேல் இழுக்கிறது. ராபின் துப்பறியும் வேலைக்காக மட்டுமே இருக்கிறாள், துப்பு கிடைத்ததும் அவளையும் மறந்துவிடுகிறார்கள். கடைசியில் எல்லாரும் பத்திரமாகத் திரும்புவது அந்த மார்ச் மாத இலக்கணத்தின் கட்டாயம். அவ்வளவு ஆழத்துக்கு இறங்கிய படம் சில நிமிடத்தில் கரையேறிவிடுவது உறுத்துகிறது. ஆனால் அங்கேயும் ஹோசோடா ஒரு வேலை செய்கிறார். மீண்டு வந்தவர்கள் லுஃபி பட்டதைப் பார்க்கவில்லை, அவனும் உட்கார்ந்து விவரிப்பதில்லை. தொடரின் மறு ஞாயிறு அத்தியாயத்துக்கு எந்த இடைஞ்சலும் இல்லை, பாரம் மட்டும் ஒருவனிடம் தங்கிவிடுகிறது.

இப்படி இன்னொரு படம் ஒன் பீஸில் வராது என்றே நினைக்கிறேன். 2009-இல் ‘ஸ்ட்ராங் வேர்ல்ட்’ கதையை ஓடாவே எழுதினார், படம் சுமார் 480 கோடி யென் வசூலித்தது. அதன்பின் வந்த பெரிய படங்களில் எல்லாம் அவருடைய மேற்பார்வை இருக்கிறது. 2022-இல் ‘ஃபிலிம் ரெட்’ சுமார் 2,000 கோடி யென்னைத் தொட்டது. தரமும் பணமும் கூடியிருக்கின்றன, மறுப்பதற்கில்லை. யாரும் கவனிக்காத அந்த நடுப்பகுதிதான் இப்போது இல்லை. இவ்வளவு பணம் புரளும் இடத்தில், வேலை பறிபோன ஒருவர் வந்து தன் மனக்கசப்பைக் கொட்டிவிட்டுப் போக யார் விடுவார்கள்?

பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். தொடரை முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவர் என்றால் ஸ்கைபியா கதைப்பகுதி முடிந்த பிறகு, 229-ஆவது அத்தியாயத்தில் வாட்டர் 7 தொடங்குவதற்கு முன்னால் இதைப் போட்டுப் பாருங்கள். ராபின் குழுவுக்கு ஓரளவு பழகியிருப்பாள், மெர்ரி இன்னும் மிதந்துகொண்டிருக்கும். தொடரில் இதுவரை வந்ததை மொத்தமாக முடித்துவிட்டுப் பார்த்தாலும் நஷ்டமில்லை. ஒரு அத்தியாயம்கூடப் பார்க்காமல் நேரடியாக இதில் வந்து உட்காருவதுதான், மற்றவர்கள் என்ன சொன்னாலும், வேண்டாம்.